இன்னுங்கொஞ்சக்காரர் வீட்டில் ஒரு முழுப் பாட்டு

உலகத்தில் பாட்டுப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், பாட்டுக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் ஆகாமல் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்று கூட்டத்திலும் சேராத நான்காவது இனம் ஒன்று உண்டு. இந்த இனத்தைச் சேர்ந்தவருக்குப் பாட்டு என்றால் உயிர். ஆனால் ஒரு பாட்டையும் கடைசி வரை கேட்டதில்லை. படித்தவர்கள் இந்த இனத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பாவம், அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அதிக காலம் தங்காத நாமே வைத்துவிடுவோம்: இன்னுங்கொஞ்சக்காரர். பின்னால் யாராவது இதை ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினால், பெயர் எங்கே கிடைத்தது என்று ஒரு வரி போட்டால் போதும். நமக்குப் பேராசை கிடையாது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களை நலம் விசாரிக்கும் முன்பாகக் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுவார். உங்களைப் பாராட்டுகிறார் என்று நினைத்துப் புன்னகை செய்யாதீர்கள். சத்தம் சுவரில் பட்டு எப்படித் திரும்புகிறது என்று பார்க்கிறார். திருப்தி இருக்காது. சுவரை விரலால் தட்டுவார், திரைச்சீலையைக் கிள்ளுவார், நீங்கள் காட்டிய நாற்காலியில் உட்காராமல் அதைத் தூக்கி வேறு இடத்தில் போட்டு உட்காருவார். அவர் வீட்டுக்கு நீங்கள் போனாலோ, ஒரு பாட்டைப் போடுவார். பாட்டு ஆரம்பித்து நீங்கள் தலையாட்டத் தொடங்கும் நேரத்தில் நிறுத்திவிட்டு, "இப்ப கேட்டுச்சா?" என்பார். என்ன கேட்டது? பாட்டா? இல்லை, பாட்டுக்கு உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் ஒரு சின்ன மணி. கேட்டது என்று சொன்னால் மறுபடி போடுவார். கேட்கவில்லை என்று சொன்னாலும் மறுபடி போடுவார். என்னதான் சொல்லித் தப்பிப்பது? தப்பிக்க முடியாது.

எந்த இனத்தைப் பற்றிச் சொன்னாலும் ஒரு நல்ல மாதிரியைக் காட்டிச் சொல்லவேண்டும். நமக்கு வாய்த்த மாதிரி, பம்புக்காரர்.

தண்ணீர் மோட்டார் விற்பதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். கையில் ஒரு ஸ்பானரோடு தெருவுக்கு வந்தவர், இன்றைக்கு மூன்று ஷட்டர் போட்ட கடைக்கு முதலாளி. எந்தப் புத்தகமும் அவரைத் தூக்கிவிடவில்லை, காதுதான் தூக்கிவிட்டது. தெருவில் நடந்துபோகும்போதே இந்த வீட்டு மோட்டாரில் பேரிங் தேய்ந்திருக்கிறது, அந்த வீட்டுக் குழாயில் காற்று ஏறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். கல்லூரி முடித்த ஆட்கள் கருவியை வைத்து அளந்து தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது, இவர் மோட்டார் மேல் ஒரு கையை வைத்து, கண்ணை மூடி, "இங்க" என்பார். அங்கேதான் இருக்கும். இந்த மாதிரிக் காது இன்றைக்கு யாருக்கு இருக்கிறது?

ஆனால் அந்தக் காதுக்கு ஒரே ஒரு பாடம்தான் தெரியும். நல்ல மோட்டார் என்றால் ஓடுவது தெரியக்கூடாது. காதில் ஏதாவது பட்டால் அது கோளாறு. முப்பது வருஷமாக அவர் காது கேட்டதெல்லாம் கோளாறு மட்டுமே. அந்தக் காதிடம் கொண்டுபோய்ப் பாட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

கொடுத்தவர் சகலை. பம்புக்காரரின் மனைவிக்குத் தங்கை ஒருத்தி. அவள் வீட்டுக்காரர் ஏதோ பெரிய அலுவலகத்தில் குளிர்ந்த அறையில் உட்காருகிறவர். அவர் வீட்டுக்கு ஒருமுறை போனபோது, சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர் வைத்த கூடத்தில் இவரை உட்காரவைத்து ஒரு பாட்டைப் போட்டார். பாடுகிறவர் நேர் எதிரே நிற்கிறார், வயலின் வலப்பக்கம், தபேலா முதுகுக்குப் பின்னால். நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நம் ஆள், கச்சேரி மேடைக்கே ஏறிவிட்டவர் போல ஆகிவிட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், அது ஆள் வைத்துச் செய்த வேலை என்றும், இடப்பக்கம் ஒரு இரைச்சல் இருந்தது என்றும், அதை இவ்வளவு நாளாகக் கண்டுபிடிக்காமல் உட்கார்ந்திருக்கிற மனிதனை என்னவென்று சொல்வது என்றும், தான் செய்தால் தன் கையாலேயே செய்வதாகவும் சொன்னார்.

கையாலேயே செய்தார், அதை மறுக்க முடியாது. கடையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. அதற்குள் செங்கல் செங்கலாக ஹார்ட் டிஸ்க் ஏறியது. இனிமேல் அதற்குப் பெயர் கம்ப்யூட்டர் இல்லை, சர்வர். வீட்டிலிருந்த அத்தனை பாட்டுத் தட்டுகளும் அதற்குள் போயின. ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று பிரதி: இரண்டு ஸ்பீக்கருக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, எது நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று. சர்வரின் மின்விசிறி இரைகிறது என்று அதைப் படுக்கையறைத் துணி அலமாரிக்குள் வைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் சூடான துணி உடுத்துகிறார்கள். கூடத்திலிருந்த சோபா சத்தத்தைக் குடிக்கிறது என்று பால்கனிக்குப் போனது. சாப்பாட்டு மேசை சத்தத்தைத் துப்புகிறது என்று சுவரோடு ஒட்டப்பட்டது. இப்போது ஒருவர் சாப்பிட்டால் மற்றவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். கூடத்தின் நடுவில் ஒற்றை நாற்காலி. அதன் நான்கு காலுக்கும் தரையில் நீல டேப் ஒட்டி அடையாளம். ஐந்து ஸ்பீக்கரும் சரியாக வந்து சேரும் இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

நான்கு ஸ்பீக்கருக்கு இடம் ஒழுங்காகக் கிடைத்தது. பின்பக்க இடது ஸ்பீக்கர் மட்டும் சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதற்கு வேண்டிய பிளக், அந்த வீட்டு அம்மாள் இஸ்திரிப் பெட்டியைச் செருகும் பிளக். ஆகவே அந்த வீட்டில் ஒரு நேரத்தில் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கலாம், அல்லது பின்பக்க இடதில் வயலின் கேட்கலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது.

அளவெடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். ஒற்றை நாற்காலி மேல் முக்காலி, முக்காலி மேல் சுண்டுவிரல் அளவு மைக். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் முறை வைத்து "ஊவ்வ்" என்று ஒரு கூவல் கூவும். மைக் அதைக் கேட்டு சர்வருக்குச் சொல்லும். அப்போது வீட்டில் மூச்சு விடக்கூடாது. மனித உடம்பு சத்தத்தை உறிஞ்சுமாம். எனவே குடும்பம் மாடிப்படியில் நிற்கும். மேல்வீட்டுக்காரர் இறங்கி வரும்போது, ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார். மகள், அளவுக் கருவி தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அப்பா பாட்டுக் கேட்கப்போகிறார் என்று சொல்வாள். உள்ளேயிருந்து ஊவ்வ் என்று கேட்கும். மேல்வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போவார்.

ஆள் இல்லாத கூடத்துக்குக் கணக்காக அளந்தாகிவிட்டது. ஆட்கள் உள்ளே வந்ததும் கணக்குத் தப்பிவிடும். "எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்க, இன்னும் கொஞ்சம்தான்" என்பார். யாருக்காகப் பாட்டோ அவர்கள் வீட்டுக்குள் இருந்தால் பாட்டு சரியாக வராது என்பதைக் கண்டுபிடித்தவர் நம் ஆள். இதையெல்லாம் எந்தக் கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள்?

அந்த அம்மாள் பொறுத்துப் பார்த்தாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவள். வந்ததும் கால் நீட்ட சோபா இல்லை. அது பால்கனியில் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. கடைசியில் ஒரு மாலை, கணவர் தரையில் படுத்து ஸ்பீக்கருக்கு அடியில் காகிதம் மடித்துச் செருகிக்கொண்டிருந்தபோது, அவர் தலைமாட்டில் வந்து நின்றாள்.

"ஏங்க, இந்த வீட்டுல கடைசியா ஒரு பாட்டை முழுசாக் கேட்டது எப்ப?"

"கேக்கத்தானே போறோம். இன்னும் கொஞ்சம்தான்."

"ஞாயித்துக்கிழமை தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் வர்றாங்க. அவங்க முன்னாடி ஒரே ஒரு பாட்டு. நான் சொல்ற பாட்டு. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும். நடுவுல நீங்க எந்திரிக்கக் கூடாது, ரிமோட்டைத் தொடக் கூடாது. இருந்து காட்டிட்டீங்கன்னா, இதெல்லாம் இங்கயே இருக்கட்டும், நான் சோபாவைப் பத்தி வாயே தெறக்க மாட்டேன். எந்திரிச்சீங்கன்னா எல்லாம் பரணுக்கு."

பம்புக்காரர் படுத்த வாக்கிலேயே சிரித்தார். ஐந்து நிமிஷம்கூட வராத பாட்டு. கிணற்றுக்குள் இறங்கி அரை நாள் தொங்கிக்கொண்டு வேலை பார்த்த மனிதன். இது ஒரு பந்தயமா?

சிரித்தது அன்றோடு சரி. அடுத்த நாள் பழகிப் பார்க்கலாம் என்று பாட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னிசை முடியும் முன்பே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எழுந்து ஜன்னலுக்கு ஒரு துணியைச் செருகிவிட்டு வந்தார். அதற்கடுத்த நாள் பல்லவி வரை வந்தார்; வலப்பக்க வயலின் ஒரு விரல்கடை முன்னால் நிற்பதாகப் பட்டது. அதற்கும் அடுத்த நாள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் சரணத்தில் கை தானாக வெளியே வந்தது. கடையில் ஒரு வாடிக்கையாளர் ஏதோ பேசிக்கொண்டிருக்க, இவர் மனசுக்குள் பாட்டை ஓட்டி, அதிலும் நடுவில் எழுந்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது. பரணில் அந்த ஐந்து ஸ்பீக்கரும் பழைய பாய்க்குப் பக்கத்தில் படுத்திருப்பதும், சகலை அதைப் பார்த்து "என்ன அண்ணே, ஒத்துவரலையா?" என்று கேட்பதும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சகலை முன்னால் கசங்கிய சட்டையோடு நிற்கமுடியுமா? மனைவியிடம் சட்டையைக் கொடுத்து நன்றாகத் தேய்த்துக் கொடு என்றார். அவளும் தேய்த்துக் கொடுத்தாள்.

சகலை வந்தார். வந்ததும் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார். நீங்கள் ஊகித்தது சரி. அவரும் அதே இனம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில், எதிரெதிர்க் கடைக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் மரியாதை இருந்தது. விருந்தாளி என்பதால் நீல டேப் நாற்காலியை அவருக்குத்தான் கொடுக்கவேண்டியிருந்தது. தங்கைக்கும் மகளுக்கும் சுவரோரம் இடம். வீட்டுக்காரருக்குக் கிடைத்தது சமையலறை வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் முக்காலி. சொந்தக் கூடத்தில் அந்த மூலையில் அவர் இதற்குமுன் உட்கார்ந்ததே இல்லை. மனைவி, கோப்பைகளைக் கழுவிக்கொண்டு வருகிறேன், நீங்கள் ஆரம்பியுங்கள் என்று உள்ளே போனாள். காவல் மகளுடையது. ரிமோட்டும் அவள் கையில்.

பாட்டு ஆரம்பித்தது. அந்த அம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேலை செய்யும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் பழைய பாட்டு. அதை நம் ஆள் அறிவாரா? அறியமாட்டார். வீட்டில் ஓடும் சத்தத்தில் கோளாறு இல்லையென்றால் அவர் காதில் அது ஏறுவதே இல்லையே.

முன்னிசையில் அலமாரிக் கண்ணாடி லேசாகச் சிணுங்கியது. பம்புக்காரரின் வலது தொடை ஒரு அங்குலம் எழுந்தது. மகள் திரும்பிப் பார்த்தாள். தொடை இறங்கியது. பல்லவியில் தபேலா கொஞ்சம் முந்திக்கொண்டது போலிருந்தது. முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை. கிணற்றுக்குள் தொங்கியபோதுகூட இப்படி வியர்த்ததில்லை. போதும், எழுந்துவிடலாம், பரண் என்றால் பரண், என்று முடிவு செய்து பாதத்தை ஊன்றினார்.

அப்போதுதான் பின்பக்க இடதிலிருந்து அது வந்தது.

ஒரு மெல்லிய குரல். பாடுகிறவரின் குரலுக்கு அரை மூச்சு பின்னால், அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, வார்த்தையை முழுதாகச் சொல்லாமல் ராகத்தை மட்டும் தொட்டுத் தொட்டுப் போகிற குரல். ஓரிடத்தில் சறுக்கியது. இன்னோரிடத்தில் மூச்சு வாங்கியது. எல்லாம் கோளாறுதான்; ஆனால் அவர் காது அதைக் கோளாறு என்று சொல்லவில்லை. இந்தப் பாட்டில் இப்படி ஒரு குரல் ஒளிந்திருந்ததா? இத்தனை நாள் அளந்தபோது அகப்படாதது இன்றைக்கு எப்படி அகப்பட்டது? சகலையின் ஐந்து ஸ்பீக்கரில் இது இருந்ததா? இல்லவே இல்லை. தன் கையால் வயர் இழுத்துத் தன் கையால் திருகி வைத்த ஸ்பீக்கரிலிருந்து அது வருகிறது. ஊன்றிய பாதம் தளர்ந்தது. பம்புக்காரர் கண்ணை மூடினார். முதல் சரணம் போனது, இரண்டாவது சரணம் போனது, பல்லவி திரும்பி வந்து ஓய்ந்தது. அவர் எழவில்லை.

"முடிஞ்சிருச்சுப்பா," என்றாள் மகள். அவள் குரலில் நம்பிக்கை இல்லை.

பம்புக்காரர் கண்ணைத் திறந்து, வென்ற மனிதனாக சகலையைப் பார்த்தார். சகலை தொண்டையைக் கனைத்தார்.

"முன்னாடி எல்லாம் பரவாயில்ல அண்ணே. ஆனா உங்க பின்னாடி இடது செத்துக் கிடக்கு."

"செத்துக் கிடக்கா? இந்த வீட்டுலயே உசுரோட இருக்கறது அது ஒண்ணுதான்யா."

"ஒரு சத்தம் வரல. நான் நடு நாற்காலியில உக்காந்து சொல்றேன்."

"நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன். உங்க காதைத் தொடைச்சிட்டு வாங்க."

பாட்டு முடிந்துவிட்டதால் எழுந்திருக்கத் தடை இல்லை. இரண்டு பேரும் ஒரே பாய்ச்சலில் அந்த மூலைக்குப் போனார்கள். ஸ்பீக்கர் அங்கே சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. அதன் வயர் தரையில் சுருண்டு கிடந்தது. பிளக்கில் இருந்தது இஸ்திரிப் பெட்டி.

சகலை குனிந்து வயரின் நுனியை எடுத்துக் காட்டினார். சொல்லாமல் இருப்பதிலேயே எவ்வளவு சொல்லமுடியும் என்பதை அலுவலகத்தில் கற்றுக்கொண்டவர். பம்புக்காரர் அந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டது. மனைவி தட்டில் டீ ஊற்றிய கோப்பைகளோடு வெளியே வந்தாள். வரும்போதே அந்தப் பாட்டின் வால் அவள் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் அது நின்றது.

"என்ன, எந்திரிச்சாரா?"

"இல்லம்மா. அப்பா கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாங்க. கண்ணைக்கூட மூடிட்டாங்க."

அவள் கணவரைப் பார்த்தாள். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. சரி, சொன்ன சொல் சொன்னதுதான், எல்லாம் இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

வாசகரே, இந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது, சுவரோரம் உட்கார்ந்திருந்த தங்கைக்குக்கூடத் தெரிந்தது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளின் குரலை இன்றைக்குத்தான் கேட்டேன் என்று சொல்லலாம். நன்றாக இருந்தது என்று மட்டும்கூடச் சொல்லலாம். பம்புக்காரர் வாயைத் திறந்தார்.

"நீ உள்ள எங்க நின்னு பாடின?"

"பாத்திரம் கழுவற எடத்துல. ஏன்?"

பம்புக்காரர் சட்டைப்பையிலிருந்து நீல டேப்பை எடுத்தார். சகலை மைக்கை எடுத்தார். சற்றுமுன் பகைவர்களாக இருந்தவர்கள் இப்போது ஒரே கட்சி. சமையலறைத் தரையில் அவள் பாதத்துக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு ஒட்டப்பட்டது. முகத்தைக் கொஞ்சம் வாசல் பக்கம் திருப்பச் சொன்னார்கள். எங்கே, இப்போது பாடு என்றார்கள்.

அவள் தரையைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், இரண்டு ஆண்பிள்ளைகளையும் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, நீங்க கோப்பையை எடுத்துக்குங்க, ஆறிடும்," என்றாள். பிறகு கணவரிடம், "உங்க சர்வருல மூணு மூணு காப்பி வெச்சிருக்கீங்களே. அதுல தேடிப் பாருங்க, எங்கயாவது நான் இருப்பேன்."

தங்கை சிரித்த சிரிப்பை மேல்வீட்டுக்காரர் கேட்டிருப்பார்.

அப்புறம் என்ன ஆனது? ஸ்பீக்கர் எல்லாம் கூடத்திலேயேதான் இருக்கின்றன. பின்பக்க இடதை மட்டும் அவர் பிளக்கில் செருகுவதில்லை. அந்தப் பிளக்கில் இஸ்திரிப் பெட்டிதான். மாலையில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் முக்காலியில், செய்தித்தாளை விரித்துப் படிக்கிற மாதிரி உட்காருகிறார். அவர் கேட்கிறார் என்று தெரிந்தால் அவள் பாடுவதில்லை. டேப் ஒட்டிய இடத்தில் நிற்பதே இல்லை. ஆனால் சில நாள் வேலை மும்முரத்தில் மறந்துவிடுவாள். அன்றைக்குச் செய்தித்தாளின் பக்கம் திரும்பாது. ஜன்னல் அதிரும், அலமாரி சிணுங்கும், அவர் எழுவதில்லை. சோபா எப்படியோ உள்ளே வந்துவிட்டது.

ஆள் குணமாகிவிட்டார் என்று அவசரப்படாதீர்கள். முக்காலியை எந்தப் பக்கம் போட்டால் அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்கும் என்று மகளிடம் ரகசியமாக விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நல்லவேளை, நம் வீட்டில் சர்வரும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை என்று நீங்கள் மூச்சு விடுவது கேட்கிறது. என் காதும் லேசுப்பட்ட காது இல்லை. ஆகவே இன்னொன்றும் கேட்டது. நீங்கள் இதைப் படிக்க உட்கார்ந்து, நாற்காலியை விளக்குக்கு நேராக இழுத்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி நாற்காலியை இழுத்து, பாதி வந்திருந்தபோது, பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் தலையைத் தூக்காமலேயே ஒரு பதில் சொன்னீர்கள்.

என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?